டாடா கையில் இருக்கிறது என்பதற்காக ஜாகுவார் வாங்கப் போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமா, 2005 மாடல் ஜாகுவார் எக்ஸ்-டைப் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். தோல் சீட்டு, மரம் பதித்த டேஷ்போர்டு, மனிதர் மயங்கிவிட்டார். “இப்போ இது நம்ம டாடா கம்பெனிதானேடா? பார்ட்ஸெல்லாம் இந்தியாவிலிருந்து சல்லிசா வந்துடும்” என்றார்.

பழைய சொகுசு கார் தேடுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஃபோர்டிடமிருந்து டாடா வாங்கியது 2008-இல், 230 கோடி டாலருக்கு. மாமா பார்த்த வண்டி அதற்கு மூன்று வருடம் முன்பே ரோட்டுக்கு வந்துவிட்டது. பிறந்ததும் இந்தியாவில் இல்லை, இங்கிலாந்தின் ஹேல்வுட் தொழிற்சாலையில். அடித்தளமோ ஃபோர்டு மாண்டியோவுடையது. முதலாளி மாறியதால் அந்த வண்டிக்குள் ஒரு திருகாணிகூட மாறவில்லை. நம்ம ராண்டின் மதிப்பு விழுந்தால் இறக்குமதி பாகத்தின் விலை ஏறும், அவ்வளவுதான்.

இன்னொரு சறுக்கல், நன்றாக விற்கிற மாடலுக்கெல்லாம் புது முதலாளிக்கு மாலை போடுவது. ஒரு காரை வரைந்து, சோதித்து, விற்பனைக்குக் கொண்டுவர நாலைந்து வருடம் ஆகும். 2011-இல் வந்து சக்கைப்போடு போட்ட லேண்ட் ரோவரின் ரேஞ்ச் ரோவர் எவோக்கைப் பாருங்கள். அதன் முன்மாதிரி 2008 ஜனவரியிலேயே டெட்ராய்ட் கண்காட்சியில் நின்றது. அப்போது முதலாளி ஃபோர்டுதான். சரி, டாடா செய்தது என்ன? வாங்கிய சில மாதங்களில் உலகமே நிதி நெருக்கடியில் விழுந்து கார் விற்பனை படுத்தபோதும், அந்த வேலையை நிறுத்தவில்லை. அப்புறம் 2014-இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் சொந்த இன்ஜின் தொழிற்சாலையும் திறந்தார்கள். என்னைக் கேட்டால், வாங்கியதைவிடக் கைவைக்காமல் விட்டதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம்.

பெயரும் தொழிற்சாலையும் ஒன்றாகத்தான் கைமாறும் என்றும் நினைக்காதீர்கள். 1998-இல் ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி கார்கள் தயாரான இங்கிலாந்தின் க்ரூ தொழிற்சாலையை வாங்கியது. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர் விமான இன்ஜின் கம்பெனியிடம் இருந்தது. அதை 4 கோடிக்கு பிஎம்டபிள்யூ தட்டிக்கொண்டு போனது! பென்ட்லியோடு மட்டும் நின்ற ஃபோக்ஸ்வாகன், 2003-இல் கான்டினென்டல் ஜிடியை இறக்கிப் பிழைத்துக்கொண்டது. ரோல்ஸ்-ராய்ஸும் அதே வருடம் குட்வுட்டில் புதுக் குடித்தனம் தொடங்கியது.

ஆனால் கை மாறினாலே உயிர் வந்துவிடாது. ஸ்வீடனின் சாப் கார் கம்பெனியை 2010-இல் ஸ்பைக்கர் என்ற டச்சு கார் கம்பெனி வாங்கியது. 2011 டிசம்பரில் திவால். இங்கிலாந்தின் ரோவர் கார் கம்பெனியை பிஎம்டபிள்யூ 2000-இல் வெறும் 10 பவுண்டுக்குத் தள்ளிவிட்டது. நம்மூரில் இரண்டு பேர் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) சாப்பிடும் காசு. கூடவே பெரிய தொகையைச் சீதனம் மாதிரி கடனாகவும் கொடுத்தது. அப்படியும் 2005-இல் கதவு சாத்திவிட்டார்கள்.

எல்லாவற்றையும் மாமாவுக்குப் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

“அப்போ பேசாம மாண்டியோவே வாங்கிடலாமாடா?”