சிஸ்மெயினை நிறுத்தும் முன் நேரத்தை அளந்து பாருங்கள்

விண்டோஸ் 10-இல் சிஸ்மெயின் என்பது, நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருளை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும் பின்னணிச் சேவை. அதை நிறுத்தினால் கணினி வேகமாகும் என்று சிலர் சொல்வார்கள். நிறுத்தலாமா என்று தெரிய, கணினியை ரீஸ்டார்ட் செய்து, லாகின் ஆனதும் நீங்கள் தினமும் முதலில் திறக்கும் மென்பொருளைத் திறந்து, போன் ஸ்டாப்வாட்சில் நேரம் குறியுங்கள். சேவை ஓடும்போது மூன்று தடவை, அப்புறம் நிறுத்திவிட்டு மூன்று தடவை. இரண்டிலும் மூன்று நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் வரும் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் கட்டாயம். ஒருமுறை திறந்து மூடிய மென்பொருள் மறுபடி ரேமிலிருந்தே வந்துவிடும், அந்த வேகம் எதையும் சொல்லாது. ஷட்டவுன் செய்து ஆன் செய்வதும் சரிவராது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கணினி சீக்கிரம் ஆன் ஆக விண்டோஸில் உள்ள வசதி) இருந்தால் கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, முழுதாக மூடாமல் டிஸ்கில் சேமிக்கப்படும். மென்பொருள் திறக்கும் முதல் சில வினாடிகளில் தொடும் கோப்புகளை விண்டோஸ் இந்தச் சேவை மூலம் குறித்து வைத்து, அடுத்த முறை முன்கூட்டியே வாசிக்கிறது. அந்த வாசிப்பு நமக்கு உதவுகிறதா, இல்லை டிஸ்கை அடைத்து வைக்கிறதா என்பது லாகின் ஆன உடனேதான் தெரியும்.

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடைகளில் பழைய ஹார்டு டிஸ்க் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம். யாரோ சொன்னார்கள் என்று சேவையை நிறுத்திவிடாதீர்கள். காலையில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் திறக்க இன்னும் தாமதமாகலாம்.

எஸ்எஸ்டி போட்ட கணினியில் இந்தச் சோதனை வேண்டாம், வித்தியாசம் ஸ்டாப்வாட்சில் பிடிபடாது. விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடினால் அன்றைய அளவைத் தள்ளிவிடுங்கள்.