வாள் நுனி ஏன் நிரம்பவில்லை? உலோக மினியேச்சர் வார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாள் உட்கார்ந்து செய்த குள்ள வீரன். அச்சைத் திறந்தால் தாடி அருமையாக வந்திருக்கிறது, கேடயத்தின் ஆணிகள்கூட எண்ணும்படி இருக்கின்றன. ஆனால் தூக்கிய கையில் கோடரியைக் காணோம். மணிக்கட்டோடு மழுங்கி நிற்கிறது. உடனே நாம் உலோகத்தைத்தான் சந்தேகப்படுவோம். சூடு போதவில்லை என்று இன்னும் சூடாக்கி ஊற்றுவோம். அதுவும் சரிவராது, இன்னும் கொஞ்சம் சூடு. என் முதல் அச்சு இப்படித்தான் கருகிப் போனது.

கோடரி வராமல் போனதற்கு உலோகம் காரணமே இல்லை. அச்சுக்குள் கோடரி இருந்த இடம் ஒரு முட்டுச்சந்து. அங்கே இருந்த காற்றுக்கு வெளியேற வழி கிடையாது, அதனால் உலோகத்துக்கு நுழைய இடம் கிடையாது. உருவத்துக்கு எலும்புக்கூடாக வைத்து, மேலே களிமண்போன்ற புட்டியை அப்பிச் செதுக்கும் கம்பியை வளைத்து, நிற்கும் கோலத்தை முடிவு செய்த அன்றே அந்தக் கோடரியின் கதி தீர்மானமாகிவிட்டது. வார்க்கும்போது தெரியவரும் குறைகளில் பெரும்பாலானவை அதற்கு வெகுமுன்பே நடந்த தவறுகள். அதனால் அடுப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் கம்பியிலிருந்து தொடங்குகிறேன்.

அச்சை நினைக்காமல் நிற்கும் கோலத்தை முடிவு செய்வது

வீட்டில் நாம் செய்வது பெரும்பாலும் இரண்டு பாதி கொண்ட சிலிக்கான் அச்சு. உருவத்தின் நடுவே ஒரு கோடு ஓடும், அந்தக் கோட்டில் அச்சு இரண்டாகப் பிரியும். இந்தப் பிரிகோடு எங்கே வரும் என்று கம்பியை வளைக்கும்போதே மனதில் ஓட வேண்டும். கை, கால், ஆயுதம் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் விரிந்திருந்தால் அச்சு சுலபமாகப் பிரியும். ஒரு கை முன்னே நீண்டு, இன்னொன்று பின்னே போய், மேலங்கி சுழன்று பறந்தால் படத்தில் அழகாக இருக்கும், அச்சில் மாட்டிக்கொள்ளும்.

சிலிக்கான் வளையும் என்பதால் ஓரளவு உள்வளைவை அது பொறுத்துக்கொள்ளும். மார்புக்குக் குறுக்கே மடித்த கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியை மட்டும் பொறுக்காது. அங்கே சிலிக்கான் மெல்லிய நாக்குபோல நுழைந்து நிற்கும், நாலைந்து வார்ப்பில் கிழிந்துவிடும். அந்த இடைவெளியைப் புட்டியால் அடைத்துவிடுங்கள், அல்லது கையைத் தனித் துண்டாகச் செய்து பிறகு ஒட்டுங்கள். தனித் துண்டாகச் செய்வதைத் தோல்வியாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நல்ல திட்டமிடலாகத்தான் படுகிறது.

அடுத்தது கனம். 28 மில்லிமீட்டர் அளவில் (பாதத்திலிருந்து கண் வரை அளப்பது வழக்கம்) உருவம் நிஜ மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. 5 மில்லிமீட்டர் கனமுள்ள வாளை அதே விகிதத்தில் சுருக்கினால் 0.1 மில்லிமீட்டர்கூட வராது. தலைமுடியின் கனம்தான். அந்தச் சந்தில் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். வாள், ஈட்டிக்காம்பு, கணுக்கால் எதுவானாலும் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் முரடாகத் தெரியும். வண்ணம் அடித்து மேசையில் ஓரடி தள்ளி வைத்தால் சரியாக இருக்கும்.

இதே காரணத்தால் நுணுக்கங்களை ஆழமாகவே வெட்ட வேண்டும். மேலோட்டமாகக் கீறிய தோல் வார்ப்பட்டையின் தையல், அச்சு எடுத்து, வார்த்து, வண்ணமும் பூசிய பிறகு காணாமல் போய்விடும்.

புட்டியோடு அவசரப்படுவது

பலரும் பயன்படுத்துவது நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு பாக எபாக்சி புட்டி. கலந்தால் பச்சையாகும், கிரீன் ஸ்டஃப் என்பார்கள். பட்டையாக வாங்கினால் இரண்டு நிறமும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டும் கோட்டில் புட்டி ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். அதைக் கத்தியால் நறுக்கி எறியாமல் பிசைந்தால் முகத்தின் நடுவே மணல்போல் கட்டிகள் அகப்படும், மூக்கு செதுக்கும்போதுதான் தெரியவரும். சில கிராம் புட்டியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு முகத்தை இழக்காதீர்கள்.

மஞ்சள் கூடினால் புட்டி இளகலாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், நீலம் கூடினால் விறைப்பாகும். துணி மடிப்புக்கு முதல் வகை, கத்தி விளிம்புக்கு இரண்டாவது. கலந்த பிறகு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வேலை செய்யலாம். முதல் அரை மணி நேரம் கருவியோடு ஒட்டிக்கொண்டு வரும், அப்போது பெரிய வடிவத்தை மட்டும் பாருங்கள். கண்ணும் வாயும் அது கொஞ்சம் இறுகிய பிறகுதான். கருவியைத் தண்ணீரிலோ துளி வாஸ்லைனிலோ தொட்டுக்கொண்டால் ஒட்டாது. ஆனால் வாஸ்லைன் தடவிய இடத்தில் அடுத்த அடுக்கும் ஒட்டாது, ஆகவே முதலில் துடைத்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது, வெறும் கம்பியின்மேல் பெரிய உருண்டையை அப்பிவிட்டு ஒரே அமர்வில் முழு வீரனையும் முடிக்கப் பார்ப்பது. வழவழப்பான கம்பியில் புட்டிக்குப் பிடிப்பில்லை. மார்பை அழுத்தினால் முதுகு சுற்றிக்கொண்டு வரும், காலைச் சரிசெய்தால் கட்டைவிரல் ரேகை முகத்தில் பதியும். முதலில் கம்பி முழுக்க மெல்லிய பூச்சு பூசி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் உடம்பின் பெரிய திரட்சிகள், அதற்கடுத்த நாள் துணி, அப்புறம் பெல்ட்டும் பையும். ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பிறகே அடுத்தது. ஒரு உருவம் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அதைக் குறைக்க வழி தேடாதீர்கள்.

அச்சுப் பொருளும் செதுக்கும் பொருளும் ஒத்துவராமல் போவது

நஷ்டம் பெரிதாக இருக்கும் தவறு இதுதான், மூலமே, அதாவது அச்சு எடுக்கச் செதுக்கிய உருவமே, பாழாகும். பிளாட்டினம் வகை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும்) சிலிக்கானுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணைத் தொட்ட இடத்தில் அது இறுகவே இறுகாது. அச்சைத் திறந்தால் பிசின் வழிவதுபோல் மூலத்தின்மேல் பூசிக்கொண்டிருக்கும். லேடெக்ஸ் கையுறை போட்டுக் கலக்கினாலும் இந்தச் சிக்கல் வரலாம், முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்து, சரியாக இறுகாத ரெசின் உருவங்களிலும் வரும். டின் வகை சிலிக்கான் இதையெல்லாம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. சந்தேகமிருந்தால், உருவத்துக்குப் பயன்படுத்திய அதே பொருளில் ஒரு துணுக்கு எடுத்து அதன்மேல் சொட்டு சிலிக்கான் விட்டு ஒருநாள் பாருங்கள்.

வெப்பம் தாங்கும் சிலிக்கான்தானா என்றும் பார்த்து வாங்க வேண்டும். அலங்காரப் பொருளுக்கும் ரெசினுக்கும் விற்கப்படும் சாதாரண வகையில் உருகிய உலோகத்தை ஊற்றினால் சில வார்ப்பிலேயே விளிம்புகள் வெடித்து உதிரத் தொடங்கும்.

கலக்கும்போது கண்ணளவு வேண்டாம், டிஜிட்டல் தராசு வையுங்கள். ஊற்றும்போது பெட்டியின் ஒரு மூலையில், உயரத்திலிருந்து, நூல்போல் விடுங்கள். குமிழிகள் அந்த மெல்லிய தாரையிலேயே உடையும். அதற்கு முன் சின்னத் தூரிகையால் முகத்திலும் விரல்களிலும் சிலிக்கானைத் தொட்டு வைத்துவிட வேண்டும். அச்சில் தங்கும் ஒவ்வொரு குமிழியும் வார்ப்பில் ஒரு மருவாக வரும், எல்லா வார்ப்பிலும் வரும்.

முதல் பாதி இறுகியதும் இரண்டாவது பாதியை ஊற்றும் முன் வாஸ்லைன் தடவ மறந்தால் கதை முடிந்தது. சிலிக்கான்மேல் வேறு எதுவும் எளிதில் ஒட்டாது, சிலிக்கான் மட்டும் ஒட்டும். இரண்டு பாதியும் ஒரே கட்டியாகி, உள்ளே உருவம் சிறைப்பட்டுவிடும். கத்தியால் அறுத்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது கோடரிக்கு வருவோம். உருவத்தைத் தலைகீழாக வைத்து, பாதம் வழியாக உலோகம் நுழையும்படி ஊற்றுவாய் வெட்டுவது வழக்கம். கோடரி முனை, மூக்கு, முழங்கை, தொங்கும் அங்கியின் ஓரம் என்று நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முனையிலிருந்தும் அச்சின் மேல்விளிம்பு வரை மெல்லிய வாய்க்கால் கீற வேண்டும், காற்று போவதற்கு. முதலில் நூலிழை அளவுக்குக் கீறினால் போதும். வார்த்துப் பார்த்து, நிரம்பாத இடத்தில் மட்டும் அகலப்படுத்துங்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஊற்றுவாயைப் புனல்போல் உயரமாக வையுங்கள். மேலே நிற்கும் உலோகத்தின் எடைதான் கீழே உள்ளதை நுணுக்கங்களுக்குள் தள்ளுகிறது. கம்பெனிகள் ரப்பர் அச்சைச் சுழற்றி அந்த விசையில் உலோகத்தை உள்ளே தள்ளுகின்றன. நமக்கு இருப்பது புவியீர்ப்பு மட்டும், அதனால் அந்தப் புனலில் கஞ்சத்தனம் கூடாது.

எந்த உலோகம், எவ்வளவு சூடு

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயம் 327இல். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தால் 183 டிகிரியே போதும். வெள்ளீயமும் பிஸ்மத்தும் சரியான விகிதத்தில் கலந்தால் 138. தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை ஈயமில்லாத, வெள்ளீயம் சார்ந்த கலவை. ஈயம் மலிவு, நன்றாக ஓடும், உண்மைதான். ஆனால் குழந்தைகள் நடமாடும் வீட்டில் ஈயத் தூளுக்கு இடமே கிடையாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இருக்கிற உலோகத்தையெல்லாம் சட்டியில் போடுவதையும் விட்டுவிடுங்கள். எங்கோ கிடைத்த பழைய துண்டில் துத்தநாகம் இருந்தால், அது கொஞ்சம் கலந்தாலே உலோகம் கூழாகி ஓட மறுக்கும். முழுச் சட்டியும் வீண். பியூட்டர் எனும் வெள்ளீயக் கலவையில் செய்த பழைய பாத்திரங்களில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு.

சூட்டைப் பார்க்கப் பழைய கைவினைஞர் வழி ஒன்று உண்டு. காய்ந்த மெல்லிய மரக்குச்சியை உருகிய உலோகத்தில் தொட்டு எடுங்கள். மெதுவாகப் பழுப்பேறினால் பதம் சரி. உடனே கருகிப் புகைந்தால் சூடு அதிகம், நிறமே மாறாவிட்டால் குறைவு. சூடு குறைந்தால் வார்ப்பின் மேல் சுருக்கங்கள் விழும், கூடினால் மேற்பரப்பு மங்கலாகவும் பொருபொருவென்றும் வரும். மேலே படரும் கசடைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

அச்சு குளிர்ந்திருந்தால் எதுவுமே சரிவராது. முதல் மூன்று நான்கு வார்ப்புகள் அச்சைச் சூடேற்றத்தான், அவற்றைத் திரும்பச் சட்டியில் போடுங்கள். டால்கம் பவுடரைத் தூரிகையால் மெல்லப் பூசித் தட்டிவிட்டால் உலோகம் நுணுக்கங்களுக்குள் நன்றாக ஓடும், அப்பினால் நுணுக்கத்தையே அடைத்துவிடும். இரண்டு பலகைகளுக்கு நடுவே அச்சை வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் உருவம் நசுங்கும், தளர்ந்தால் ஓரமெல்லாம் பிசிறு. ஊற்றுவது ஒரே மூச்சில், நிறுத்தாமல். பிறகு ஊற்றுவாயின் பளபளப்பு மங்கி உறைந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். சூட்டோடு இழுத்தால் கணுக்கால் பொடுக்கென்று ஒடியும்.

தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உருகிய உலோகத்துக்குள் ஒரு சொட்டு நீர் சிக்கினால் அது நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும், சட்டியில் உள்ளது முகத்தில் தெறிக்கும். வியர்வைத் துளி போதும். குளிர்ந்த கட்டியின்மேல் படிந்த ஈரம் போதும். அதனால் புதுக் கட்டியை நேரடியாகச் சட்டியில் போடாமல் விளிம்பில் வைத்துச் சூடாக்கிப் பிறகு இறக்குங்கள். பிளாஸ்டர் அச்சு வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும், அதை அடுப்பில் நன்றாக உலர்த்தாமல் ஊற்றவே கூடாது. மேசையில் தண்ணீர் பாட்டில் வேண்டாம். அச்சுக்குக் கீழே காய்ந்த மணல் தட்டு இருக்கட்டும், வழிந்தால் அதில் விழும்.

கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி, பருத்தி உடை. செயற்கை இழைத் துணி சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சமையலுக்குப் பயன்படும் பாத்திரமோ கரண்டியோ ஒருமுறை இதற்கு வந்தால் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது, எவ்வளவு கழுவினாலும்.

வார்ப்பு வந்த உற்சாகத்தில் அரம் எடுத்து அப்படியே மடியில் வைத்துப் பிசிறைத் தேய்ப்பவர்கள் உண்டு. அந்தத் தூள் துணியில் ஏறி வீடு முழுக்க நடமாடும். கீழே பழைய தாள் விரித்து, அதன்மேல் தேய்த்து, மேசையை ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு எழுந்திருங்கள். ஈரத்துணி வெளியே வருவது சட்டி முழுக்க ஆறிய பிறகுதான்.