தொட்டில் சிறிதாகிவிட்டது: குழந்தையை இனி எங்கே தூங்க வைப்பது?

பிறந்த குழந்தைக்கான சின்னத் தொட்டிலை எப்போது ஓரங்கட்டுவது என்பதற்கு மாதக் கணக்கு உதவாது. நான்கு மாதத்திலேயே அதைத் தாண்டிவிடும் குழந்தையும் உண்டு, ஆறு மாதம் வரை அதிலேயே நிம்மதியாகத் தூங்கும் குழந்தையும் உண்டு. பார்க்க வேண்டியவை மூன்று. குப்புற விழத் தொடங்கிவிட்டதா? கையையும் முழங்காலையும் ஊன்றி உடம்பைத் தூக்குகிறதா? தொட்டிலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டில் போட்டுள்ள எடையை எட்டிவிட்டதா? பல தொட்டில்களில் அந்த எடை 7 முதல் 9 கிலோவுக்குள் இருக்கும். இந்த மூன்றில் எது முதலில் வந்தாலும் அன்றோடு தொட்டிலை நிறுத்திவிட வேண்டும். எடையை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் வழக்கமான தவறு. 6 கிலோ குழந்தையானாலும் ஓரத்தைப் பிடித்து எக்கினால், விளிம்பு தாழ்ந்த, அடி குறுகிய தொட்டில் சரிந்துவிடும்.

முதலில் அறை, பிறகு படுக்கை

தொட்டில் மாறுகிறது என்பதற்காக அறையும் மாற வேண்டியதில்லை. பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குறைந்தது முதல் 6 மாதம் வரை தூங்க வைப்பது நல்லது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி அந்த ஆறு மாதத்துக்குள்தான் நடக்கிறது. எனவே நான்கரை மாதத்தில் தொட்டிலைத் தாண்டிய குழந்தைக்குப் புதுக் கட்டில் வேண்டும், புது அறை வேண்டாம்.

கட்டில் வாங்குவதற்கு முன் அறையை அளந்துவிடுங்கள். குழந்தைக் கட்டிலின் உள்ளளவு பொதுவாக 120 முதல் 132 செ.மீ. நீளம், 60 முதல் 71 செ.மீ. அகலம். சட்டத்துக்காகச் சில செ.மீ. கூடுதலாகும். அதோடு, குனிந்து குழந்தையைத் தூக்க ஒரு பக்கமாவது நிற்க இடம் வேண்டும், கதவும் முழுசாகத் திறக்க வேண்டும். ஜன்னல் திரைக் கயிறு, கேமரா ஒயர், சார்ஜர் ஒயர் எல்லாம் கட்டிலிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். இன்று எட்டாத கயிறு, குழந்தை எழுந்து நிற்கும்போது எட்டிவிடும்.

கம்பி வைத்த கட்டில்

இடம் இருந்தால் இதுதான் முதல் தேர்வு. இரண்டு வயது வரையாவது உழைக்கும். மரம், வண்ணம் எல்லாம் பிறகு. ஆபத்து இருப்பது இடைவெளிகளில்.

கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கையில் அளவுகோல் இல்லையென்றால் வழக்கமான பருமனுள்ள குளிர்பான டின் போதும். அதன் விட்டம் ஏறக்குறைய 6.6 செ.மீ. டின் உள்ளே நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். குழந்தையின் இடுப்பு அந்தச் சந்தில் வழுக்கி வெளியே வந்துவிடும், தலை வராது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறிது என்று அர்த்தம். துணியைச் சுருட்டிச் செருகிச் சமாளிக்காதீர்கள், மெத்தையை மாற்றுங்கள். உள்ளங்கையால் மெத்தையின் நடுவில் அழுத்தி எடுங்கள். கை வடிவில் குழி நின்றால் அது குழந்தைக்கானது அல்ல. பெரியவர்களுக்குக் கட்டாந்தரைபோலத் தோன்றும் மெத்தைதான் சரியான மெத்தை.

பழைய கட்டில் கிடைத்தால் ஒன்றை முதலில் பாருங்கள்: பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிறதா? அமெரிக்காவில் 2011 ஜூனில் இந்த வகைக்குத் தடை விதித்தார்கள். சட்டத்தைத் தாங்கும் கொக்கி தேய்ந்து ஒரு மூலை மட்டும் நழுவும்போது, மெத்தை ஓரத்தில் 'வி' வடிவத்தில் ஒரு சந்து திறக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. குழந்தை அதற்குள் நழுவிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். பத்து வருடத்துக்கு மேல் பழசு, ஆணி குறைவது, வண்ணம் உரிவது, சட்டம் விரிசல் விட்டது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மெத்தைப் பலகைக்குப் பொதுவாக இரண்டு மூன்று உயரங்களில் துளை இருக்கும். குழந்தை உட்காரப் பழகுவதற்கு முன்பே ஒரு படி இறக்குங்கள். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதற்கு முன்பே கடைசித் துளைக்குப் போய்விடுங்கள். இந்த 'முன்பே' முக்கியம். முதல் தடவை நிற்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மெத்தை 15 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால், இறக்கியதன் பலனை அதுவே தின்றுவிடும்.

மற்ற வழிகள்

மடக்குக் கட்டில், அதாவது வலைப் பக்கங்கள் கொண்டது, சிறிய அறைக்கும் பயணத்துக்கும் ஏற்றது. விரிக்கும்போது முதலில் நான்கு மேல்கம்பிகளையும் 'டிக்' என்று பூட்டும்வரை இழுங்கள், பிறகு நடு அடியை அமுக்குங்கள். பல மாடல்களில் அடியை முதலில் அமுக்கினால் கம்பி பூட்டாது, இரவில் மடங்கிக்கொள்ளும். அதோடு வந்த மெத்தை மெல்லியதாக இருக்கிறதே என்று மேலே இன்னொன்று போடவே கூடாது. வலை வெளிப்பக்கம் நெகிழும், கூடுதல் மெத்தைக்கும் வலைக்கும் நடுவில் குழந்தை சரிந்துவிடும்.

பெரியவர்கள் கட்டிலோடு ஒட்டி நிற்கும் பக்கக் கட்டிலை இந்த வயதில் புதிதாக வாங்குவது வீண். முழங்கால் ஊன்றத் தொடங்கியதும் அதுவும் முடிந்துவிடும்.

தரையில் மெத்தை விரிப்பதைப் பலர் விரும்புகிறார்கள். ஒரு வயதுக்குப் பிறகு நல்ல வழிதான், அதற்கு முன் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அப்படிப் போட்டால் அறை முழுவதுமே கட்டில்: அலமாரி சுவரோடு திருகப்பட வேண்டும், பிளக் பாயின்ட் மூட வேண்டும். சுவரை ஒட்டிப் போடாதீர்கள். தரைக்கு உருண்டால் சிராய்ப்போடு போகும், சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கினால் மூச்சு முட்டும். காலையில் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பெரியவர்கள் படுக்கையில் தலையணையால் அணை கட்டுவது பாதுகாப்பு அல்ல, அந்தத் தலையணையே ஆபத்து. சோபா அதைவிட மோசம். இரவில் பால் கொடுக்கும்போது கண் அசந்துவிடும் என்று தோன்றினால் சோபாவில் உட்காராமல், தலையணை போர்வை விலக்கிய படுக்கையில் கொடுங்கள், விழித்ததும் குழந்தையை அதன் இடத்தில் கிடத்துங்கள்.

மாற்றும் வாரம்

பகல் தூக்கத்தில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் பகலில் புதுக் கட்டிலில் தூங்கிப் பழகினால் இரவு சுலபம். குப்புற விழ முயலும் குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றுவதை உடனே நிறுத்துங்கள். கை வெளியே இருக்கும் தூக்கப் பை, அதாவது போர்வைக்குப் பதிலாகச் சட்டைபோல மாட்டிவிடும் பை, போதும். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் கவிழ்ந்தால் திருப்பிப் போட வேண்டியதில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கம்பிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டு அழும். உடனே ஓரத் திண்டு கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். முகம் அதில் புதைந்துவிடும் என்பதால்தான் அமெரிக்காவில் 2022இல் அதற்கும் தடை வந்தது. காலை உள்ளே எடுத்துவிட்டு மறுபடி கிடத்தினால் போதும். முதல் பிறந்தநாள் வரை தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம்.

மாதம் ஒரு முறை திருகுகளை இறுக்குங்கள். குழந்தை கம்பியைப் பிடித்துக் குதிக்கத் தொடங்கிய பிறகு வாரம் ஒரு முறை. உயரம் 89 செ.மீ. ஆனாலோ, நிற்கும்போது மேல்கம்பி மார்புக் காம்பு மட்டத்துக்கு இறங்கிவிட்டாலோ, மெத்தை கடைசித் துளையில் இருந்தும் ஒரு கால் விளிம்பின் மேல் வந்துவிட்டாலோ, அன்றைக்கே தாழ்வான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.