சித்திரைப் புழுக்கமும் ஆனிக் கச்சானும்: வெப்ப காலத்தில் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் சூட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். வெயில் உறைத்தால் குடை, தொப்பி, ஓர் இளநீர். மேகம் மூடியிருந்தால் "இண்டைக்குப் பரவாயில்ல" என்று வெளியே கிளம்பிவிடுவோம். முதல் பிழையே இதுதான். எங்கள் கரையோரத்தில் ஆளை விழுத்துவதில் காற்றில் இருக்கும் ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. பங்குனி, சித்திரையில் ஒரு விதமான சூடு. ஆனி, ஆடியில் கச்சான் என்ற காய்ந்த சுடுகாற்று அடிக்கும்போது முற்றிலும் வேறு விதம். இரண்டையும் ஒரே மாதிரிச் சமாளிக்கப் பார்ப்பதில்தான் நமது பிழைகளில் பாதி இருக்கிறது.

போனில் 32 பாகைதானே காட்டுது

உடம்பு தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்வை வழிந்து ஓடினால் பயனில்லை, அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், உள்ளே சூடு ஏறும்.

இதைக் கணக்கில் எடுத்துச் சொல்வதுதான் வெப்பச் சுட்டெண். வெப்பமானி 32 பாகை செல்சியஸ் காட்ட, காற்றில் ஈரப்பதன் 70 வீதம் இருந்தால், உடம்பு உணர்வது கிட்டத்தட்ட 41 பாகை. அதுவும் நிழலில் நிற்பவருக்கு. நேர் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் 8 பாகை வரை கூடலாம். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும்போது சொல்வது இந்த "உணரப்படும்" வெப்பத்தைத்தான். செய்தியில் "கிழக்கு மாகாணத்தில் அவதானம்" என்று வரும். நாங்கள் போனில் 32ஐப் பார்த்துவிட்டு, திணைக்களத்துக்கு வேறு வேலையில்லை என்று சிரித்துக்கொள்வோம்.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவிலான காலம் என்பதால் அப்போது காற்றும் மந்தம். எழுவான்கரையில் இருப்பவர்களுக்குப் பகலில் கடல்காற்று கொஞ்சம் ஆறுதல் தரும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில், வயல் வட்டைக்குள் நிற்பவருக்கு அது சுணங்கித்தான் வந்து சேரும், வந்தாலும் பலம் குறைந்துதான் வரும். கல்லடிக் கடற்கரையில் நின்றுகொண்டு கொக்கட்டிச்சோலையின் சூட்டை அளக்கக் கூடாது.

பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் பெரும்பாலும் தை முதல் பங்குனிக்குள்தான் நடக்கின்றன. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவர் உயிரிழந்ததை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெப்ப நாட்களில் வெளிக்கள விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி அந்த வருடம் கல்வி அமைச்சும் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் விட்டது. என் அபிப்பிராயம் இதுதான்: அந்த மாதங்களில் மரதனை விடியற்காலையில், வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பதை எந்த மாதத்திலும் செய்ய வேண்டாம்.

வேர்க்கவில்லை, அதனால் சுகம்

ஆனி பிறந்தால் கதை மாறும். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் மலையிறங்கி எங்கள் பக்கம் வருகிறது. கீழே இறங்க இறங்கக் காற்று அமுங்கிச் சூடேறும். அதுதான் கச்சான். மட்டக்களப்பில் இது கடல்காற்றையே தள்ளிவிட்டு அடிக்கும், வெப்பம் 38 பாகையை ஒட்டி வரும்.

கச்சான் காலத்தில் வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடும். சட்டை நனையாது. "எனக்கு வேர்க்கவே இல்ல" என்று வரம்பில் நிற்பவர் சொல்வார், ஆனால் உடம்பில் இருந்து தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது என்று வைத்திருந்தால், தாகம் வருமுன்பே உடம்பு காயத் தொடங்கியிருக்கும். கடும் வேலை செய்பவர் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பை தண்ணீர் குடிப்பதுதான் கணக்கு. மத்தியானம் வரை பொறுத்திருந்து ஒரு போத்தலை ஒரே மூச்சில் கவிழ்ப்பதும் பிழை. மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெறும் தண்ணீர் போனால் இரத்தத்தில் உப்பு ஐதாகி, அதுவே தனி ஆபத்தாகிவிடும்.

ஃபேன் விஷயமும் இப்படித்தான். புழுக்க காலத்தில் ஃபேன் நல்ல நண்பன். ஜன்னலைத் திறந்து வைத்தால் வியர்வை காயும். கச்சான் காலத்தில் பகலில் அதையே செய்தால், தோலை விடச் சூடான காற்றை இழுத்து உடம்பின் மேல் அடிப்பதுபோல் ஆகும். தோலின் வெப்பம் 35 பாகை அளவில்தான் இருக்கும். மேற்குப் பக்க ஜன்னலைப் பகலில் சாத்தித் திரை போட்டு, வெளியே சூடு தணிந்த பிறகு திறப்பது நல்லது. ஃபேன் போடுவதென்றால் கையையும் கழுத்தையும் ஈரத் துணியால் நனைத்துவிட்டு அதன் முன் இருக்க வேண்டும். 40 பாகையைத் தாண்டினால் ஃபேனை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை.

உகந்தையில் இருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இந்தக் கச்சானுக்குள்தான் போகிறார்கள். பையில் பனடோல் அட்டை, தைலம், திருநீறு எல்லாம் இருக்கும், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சத்துப் பொடி) இருக்காது. இரண்டு பொதி வைத்தால் பாரம் கூடப்போவதில்லை. நடையை விடியலுக்கும் பின்னேரத்துக்கும் ஒதுக்கிவிட்டு உச்சி நேரத்தில் மரநிழலில் படுத்தால் முருகன் கோபிக்க மாட்டார்.

விழுந்தவருக்குப் பனடோல்

மிகவும் ஆபத்தான பிழை இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொங்கிரீட் போடும் நாள். தொடங்கினால் முடியும்வரை நிறுத்த முடியாத வேலை. பதினொரு மணிக்குப் பிறகு ஒரு தம்பி சம்பந்தமில்லாமல் பேசுகிறான், கால் பின்னுகிறது, சீமெந்துக் கையோடு அப்படியே குந்திவிடுகிறான். தொட்டால் உடம்பு நெருப்பு. இனி நடப்பதை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒருவர் நெற்றியில் தைலம் பூசுவார். ஒருவர் பனடோல் இரண்டைத் தேடி எடுப்பார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். தலையில் தண்ணீர் ஊற்றப் போனவரை வயதான ஒருவர் தடுப்பார்: "வேர்த்த உடம்பில பச்சத் தண்ணி ஊத்தாத மனே, சன்னி பிடிச்சிரும்." அதற்குள் பத்துப் பேர் சுற்றி நின்று காற்றையும் மறைத்துவிடுவார்கள்.

இதில் உயிரைக் காப்பாற்றக் கூடியது அந்தத் தண்ணீர்தான். அதைத்தான் தடுத்தோம்.

காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்பநிலையை உயர்த்தி வைக்கிறது. பனடோல் அந்த ஏற்பாட்டைக் கலைத்துக் காய்ச்சலை இறக்கும். அந்தத் தம்பிக்கு வந்த வெப்பத் தாக்கத்தில் மூளை எதையும் உயர்த்தவில்லை. வெளியேற வழியில்லாமல் சூடு உள்ளே தேங்கி நிற்கிறது. அதனால் பனடோல் அங்கே வேலை செய்யாது. சூட்டில் ஏற்கெனவே அடிபடும் ஈரலுக்கு அது மேலதிகச் சுமை.

உள்ளுடம்பு 40 பாகையைத் தாண்டி, ஆளின் புத்தியும் தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். அங்கே வெப்பமானி தேவையில்லை. பெயர் என்ன, இன்றைக்கு என்ன நாள் என்று கேளுங்கள். பதில் குழறினால், ஆள் முரண்டு பிடித்தால், வலிப்பு வந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மட்டையாலோ ஃபேனாலோ விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். வட்டைக்குள் என்றால் பக்கத்தில் வாய்க்கால் ஓடும். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, கழுத்துவரை அதற்குள் இருத்துவதை விட நல்ல வைத்தியம் அந்த நேரத்தில் இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் சூட்டை இறக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

"வேர்வை நின்றால்தான் ஆபத்து" என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. வயதானவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே வரும் வெப்பத் தாக்கத்தில் தோல் காய்ந்திருக்கலாம். வேலை செய்து விழும் இளைஞனுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். வேர்வையைப் பார்த்து முடிவெடுக்காமல் பேச்சைப் பாருங்கள்.

குடிக்கிறோம், ஆனால் எதை?

இளநீர், மோர், பழஞ்சோற்றுத் தண்ணீர் எல்லாம் நல்லவை. மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் இன்னும் நல்லது. ஜீவனியைப் பொதியில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், 'கடுமையாக இருந்தால் கெதியில் சுகம்' என்று பாதித் தண்ணீரில் கரைக்கக் கூடாது. சாராயம் வேண்டாம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தண்ணீர் தீத்தாமல், கூடுதல் தடவை தாய்ப்பால் கொடுப்பதே சரி, தண்ணீர் தாய்க்கு.

இருதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்களும், நீர் போகும் மாத்திரை எடுப்பவர்களும் தாங்களாகக் கூட்டிக் குறைக்காமல் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, இரவில் உடம்பு நோவுக்கு ஃபாமசியில் நோவு மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது. டைக்குளோபினாக், புரூபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். உடம்பு காய்ந்திருக்கும்போது அது இரட்டை அடி. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கும் மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று; கடும் வெப்பத்தில் உடம்பு மீண்டும் மீண்டும் வறண்டு போவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம், தண்ணீர் வேண்டும்.

எங்களுக்குப் பழகின வெயில்தானே

உடம்பு வெப்பத்துக்குப் பழகுவது உண்மை. அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும், விட்டால் போய்விடும். கொழும்பில் ஏசி அறையில் இருந்துவிட்டு வருடப் பிறப்புக்கு வந்தவர் மறுநாளே காணி துப்புரவாக்க இறங்கினால், ஏறாவூரில் பிறந்து வளர்ந்தவர் என்ற தகுதி அங்கே உதவாது. வேலைத்தளங்களிலும் ஆட்கள் அதிகம் விழுவது முதல் சில நாட்களில்தான்.

நாங்கள் பழகிய வெயிலும் இப்போது இல்லை. அளவெடுக்கத் தொடங்கிய பிறகு உலகின் மிகச் சூடான வருடம் 2024. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையை விடச் சராசரியாக 1.55 பாகை கூட. ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதாவது எங்கள் கரையில் புழுக்கமும் சேர்ந்து ஏறும். வீடுகளும் மாறிவிட்டன. கூரையில் கிடுகு போய் சீற் வந்தது. பகலில் குடித்த சூட்டைச் சுவர் இரவில் கக்கும். பகலை மட்டும் பார்த்துவிட்டு இரவை விட்டுவிடுகிறோம், உடம்பு ஆற வேண்டிய நேரமே அதுதான். சீற்றுக்குக் கீழே சின்ன அறையில் தனியே படுக்கும் அம்மம்மாவை இந்த மாதங்களில் முன் விறாந்தைக்கு மாற்றுங்கள். அவர் இன்சுலின் போடுபவர், வீட்டில் பிரிஜ் இல்லை என்றால், மருந்தைத் தண்ணீர் புகாமல் கட்டி ஈர மணலுக்குள் வைத்த மண்சட்டியில் நிழலில் வைக்கலாம்.

கச்சானில் கிணறு இறங்கியதும் பீப்பாய்களில் தண்ணீர் சேர்ப்போம். மூடாத பீப்பாயில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, வாரம் ஒரு தடவை உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் "வெயிலுக்குள்ள விளையாடினது, வெயில் காய்ச்சல்" என்று நாமே பெயர் வைத்துவிட்டு இருந்துவிடுகிறோம். இந்த இடத்தில் பனடோல் சரி, நிறைக்கேற்ற அளவில். புரூபனும் அஸ்பிரினும் கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால், வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டிராமல் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.