கால் மரத்துப்போகிறதா? சூ சான் லீ புள்ளியை அழுத்தும் முறை

ரத்த ஓட்டத்துக்கென்று சீன மருத்துவத்தில் புள்ளிகள் நிறைய உண்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு சூ சான் லீ ஒன்றே போதும் என்பேன், உடலில் ஆற்றல் ஓடுவதாக அந்த மருத்துவம் சொல்கிற வழிகளில் ஒன்றான இரைப்பைப் பாதையின் 36ஆவது புள்ளி. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கினால் முட்டிச்சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் தெரியும், அதற்கடியில் நான்கு விரல்களைச் சேர்த்துக் குறுக்கே வைத்து அளந்துகொண்டு, கால் முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளினால் அதுதான் இடம். அடுத்தவருக்கு அழுத்துவதானால் அவர் விரலில்தான் அளக்க வேண்டும். பாதத்தை மேலே தூக்கிப் பாருங்கள், அங்கே தசை புடைக்கும்.

சரி, கட்டைவிரலால் மெதுவாக ஆரம்பித்து, மந்தமான வலி தெரிகிற அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அப்புறம் அடுத்த கால். பல்லைக் கடிக்க வைக்கிற வலி தேவையே இல்லை.

இது ரத்தக்குழாய் அடைப்பையெல்லாம் கரைக்காது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அழுத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கர்ப்பிணிகள், கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உட்பக்கமுள்ள சான் யின் ஜியாவோ என்ற புள்ளியைத் தொட வேண்டாம்.