கடல்நீரிலும் கடலடிச் சேற்றிலும் சீசியம்-137 அளப்பது எப்படி

கரையில் நின்று, கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியை நீட்டிக் கடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் இயற்கைப் பொட்டாசியம்-40 மட்டுமே சுமார் 12 பெக்கரல் (நொடிக்கு 12 அணுச் சிதைவு) இருக்கும். அணுப்பிளவில் உருவாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137, அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போனது, திறந்த கடலில் லிட்டருக்கு 1 - 2 மில்லிபெக்கரல்தான். மணவாளக்குறிச்சி மணலில் கருவி படபடத்தால் காரணம் அங்குள்ள மோனசைட் கனிமத்தின் இயற்கைத் தோரியம். 2011 ஏப்ரலில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை ஒட்டிய நீரில் லிட்டருக்கு 68,000 பெக்கரல் வரை ஏறியதுபோல் இருந்தால் நீரை நேரடியாகவே எண்ணலாம். மற்ற நேரங்களில் சீசியத்தைத் திரட்டித்தான் ஆகவேண்டும்.

20 லிட்டர் நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடியுங்கள். கையுறையோடு, அடர் நைட்ரிக் அமிலம் சுமார் 40 மி.லி. விட்டு பி.எச். 1.6-க்குக் கொண்டுவாருங்கள். துணைக்குக் கதிரியக்கமற்ற சீசியமாக 0.26 கிராம் சீசியம் குளோரைடு, பிறகு சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் மஞ்சள் பொடியான அமோனியம் பாஸ்போமாலிப்டேட் 4 கிராம் சேருங்கள். ஒரு மணி நேரம் காற்றடித்துக் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மஞ்சள் பொடியை வடித்து, அறை வெப்பத்தில் உலர்த்தி எடைபோட்டால் எவ்வளவு மீண்டது என்பது தெரியும். அமிலம் போதாவிட்டால் பொடி கரைந்து போகும். மருந்துகளிலேயே துளி சீசியம்-137 இருக்கலாம் என்பதால், வெறும் மருந்தை மட்டும் வைத்து ஒரு சோதனை கட்டாயம்.

சேற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். கவ்வி எடுக்கும் கருவி மேலடுக்கைக் கலைத்துவிடும். குழாய்க் கருவியே நல்லது. மேல் 3 செ.மீ.-ஐத் தனியாக வெட்டி, குழாய்ச் சுவரில் இழுபட்ட ஓரத்தைச் செதுக்கி எறியுங்கள். உலர்த்தி, இடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கருவியைச் சரிபார்க்கப் பயன்படும், கதிரியக்க அளவு தெரிந்த திட்டமாதிரியின் அதே உயரத்துக்கு டப்பாவில் நிரப்புங்கள். பாதி நீராக இருந்த சேற்றின் உலர் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் உப்பு, அதைக் கழியுங்கள். துகள் அளவையும் எழுதிவையுங்கள். சீசியம் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும், மணலில் அவ்வளவாக ஒட்டாது. ஓரிடத்து மணலையும் இன்னோரிடத்துச் சேற்றையும் ஒப்பிட்டு ‘கசிவு’ என்பது வெறும் மண் வேறுபாடாகவே முடியலாம்.

எண்ணுவதற்கு ஈயக் கவசமிட்ட ஜெர்மானியம் டிடெக்டர் வேண்டும். சோடியம் அயோடைடு டிடெக்டரில், இயற்கையிலேயே உள்ள பிஸ்மத்-214-இன் 609 கெ.எ.வோ. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) காமாக் கோடு, சீசியம்-137-இன் 662-உடன் கலந்துவிடும். 20 லிட்டரிலிருந்து வந்த பொடிக்கு இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை சாதாரணம். 605 கெ.எ.வோ.-இல் சீசியம்-134 தெரிந்தால் உலைக் கழிவு அண்மையில் கலந்திருக்கிறது. அதன் அரை ஆயுள் இரண்டே ஆண்டு. முடிவை மாதிரி எடுத்த தேதிக்குத் திருத்தி எழுதுங்கள், எண்ணிய தேதிக்கு அல்ல.