பின் சீட்டு பெல்ட்டைத் தேடி எடுத்துப் போடுவது எப்படி?

திருநெல்வேலியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, திருச்செந்தூர் என்று ஏறுகிறவர்களில் முன் சீட்டுக்காரர் போலீஸுக்குப் பயந்தாவது பெல்ட் போட்டுவிடுவார். பின்னால் இருப்பவர்களிடம் சொன்னால், "பின்னாடி எதுக்குண்ணே?" என்பார்கள். 2019-இல் திருத்திய சட்டப்படி பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பின் சீட்டுக்கும் விலக்கு இல்லை.

போன வைகாசியில் கயத்தாறு தாண்டி ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். எதிலும் மோதவில்லை. ஆனால் பின்னால் தூங்கிக்கொண்டு வந்த பெரியவரின் நெற்றி என் சீட்டில் இடித்து, மூக்குக் கண்ணாடி இரண்டாகிவிட்டது. வெறும் பிரேக்குக்கே அந்தக் கதி. 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இப்போதெல்லாம் எல்லாரும் பெல்ட் போட்ட பிறகுதான் வண்டியை நகர்த்துகிறேன்.

முதலில் பெல்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பல கார்களில் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே இடுக்கில் கையை விட்டால் கடலைமிட்டாய்க் காகிதம், சில்லறை, அப்புறம் பக்கிள் என்று வரிசையாக வரும். கவரில் வழியே இல்லையென்றால் தைத்த கடையிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அது கோளாறு இல்லை, அதற்குத்தான் பெல்ட்டே. அப்படி இழுத்தும் பூட்டாமல் உருவிக்கொண்டு வந்தால்தான் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறக் கூடாது, இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாகக் கிடக்க வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவில் ஏறி நெஞ்சுக்குக் குறுக்கே வர வேண்டும். கழுத்தில் உரசுகிறது என்று அதை அக்குளுக்கு அடியில் விடுகிறவர்கள் உண்டு. மோதினால் விலா எலும்புதான் உடையும். பட்டுப்புடவை கசங்கும் என்று தளர்த்திப் பிடித்துக்கொள்ளும் அக்காமார்களுக்கு நான் சொல்வது: புடவையை இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் கட்டாயம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், மேல்பட்டை வயிற்றுக்கு மேலே மார்புகளுக்கு நடுவில்.

குழந்தை விஷயத்தில்தான் சண்டையே வரும். மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்பார்கள். மோதும் நொடியில் 10 கிலோ பிள்ளை 200, 300 கிலோ மூட்டை மாதிரி இழுக்கும், எந்தக் கையும் தாங்காது. அம்மாவையும் பிள்ளையையும் ஒரே பெல்ட்டுக்குள் போட்டால் அம்மாவின் பாரமே பிள்ளையை நசுக்கும். சின்னப் பிள்ளைக்குத் தனி சைல்டு சீட்தான் வழி. முன் சீட்டில் மடிக்குழந்தை என்றால் சாவியைத் திருப்பவே மாட்டேன். ஏர்பேக் கண் இமைக்கும் முன் வெடித்து விரியும், பிள்ளையின் முகம் நேர் எதிரில் இருக்கும்.

பெல்ட் சுருண்டு உள்ளே போகாமல் தொங்குகிறதா? பெரும்பாலும் அழுக்குதான். முழுதாக வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், நூல் இற்றுப்போகும்.